பெட்ரோல் இருந்தும் நின்றுபோகும் எஞ்சின்

தாம்பரத்தில் விமானப் படையின் பறப்புப் பயிற்றுநர் பள்ளி 1954 முதல் நடந்துவருகிறது. அதற்கு வடக்கே குரோம்பேட்டையில், சி. ராஜம் 1949இல் தோற்றுவித்த எம்.ஐ.டி.யில், செயல்விளக்கத்துக்காக வைக்கப்பட்டிருந்த இரண்டு பழைய விமானங்களால் வசீகரிக்கப்பட்டே மாணவர் அப்துல் கலாம் விமானப் பொறியியலைத் தமது துறையாக வரித்துக்கொண்டார்; இன்னும் வடக்கே மீனம்பாக்கம், 1930இல் பிறந்த சென்னைப் பறப்புக் கழகத்தின் களம். பழைய சிறு விமானங்களின் வியாதிகளைப் பற்றிப் பேசுவதற்கு ஜி.எஸ்.டி. சாலையின் இப்பகுதியைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் இல்லையென்றே சொல்லலாம். அவ்வியாதிகளுள் விசித்திரமானது, தொட்டியில் வேண்டிய பெட்ரோல் இருக்கும்போதே எஞ்சின் தளர்ந்து நின்றுபோவது.

இவ்வாறு நேரும்போது உடனே கார்புரேட்டரைக் குற்றவாளியாக்கிக் கழற்றத் தொடங்குவது பலருடைய சுபாவம். தொட்டியின் மூடியில் ஆரம்பித்துக் குழாய்வழியே கீழே இறங்கிவருவதே என் அபிப்பிராயத்தில் சரியான முறை. ஏனெனில் பெரும்பாலான சமயங்களில் பெட்ரோல் வரவேண்டிய வழியை வேறொரு வஸ்து ஆக்கிரமித்துக்கொண்டிருக்கிறது, அது இன்னதென்று கண்டுபிடிப்பதே பாதி நிவாரணம்.

டைகர் மாத் என்னும் இரட்டை இறக்கை விமானத்தை எடுத்துக்கொள்வோம். 1931இல் இங்கிலாந்தில் முதன்முதலாகப் பறந்து, இரண்டாம் உலக யுத்த காலத்தில் எண்ணற்ற இந்திய வைமானிகளுக்குப் பாலபாடம் கற்பித்த இவ்விமானத்தில், ஏறக்குறைய 86 லிட்டர் கொள்ளும் தொட்டி மேல் இறக்கையின் நடுவே அமைந்திருக்கிறது. பம்பு என்பதே கிடையாது. பூமியின் ஆகர்ஷண சக்தி ஒன்றினாலேயே பெட்ரோல் வடிகட்டி வழியாகக் கார்புரேட்டருக்கு இறங்குகிறது. எண்ணெய் டின்னில் ஒரே ஒரு துளை போட்டுக் கவிழ்த்தால் எண்ணெய் சீராக வராமல் திக்கித் திணறுவதுபோல, தொட்டிக்குள் காற்றை அனுமதிக்கும் சிறு துவாரம் அடைபட்டால், இறங்கிய பெட்ரோலின் இடத்தில் வெற்றிடம் உண்டாகி ஓட்டம் படிப்படியாகக் குன்றிவிடும். கொட்டகையில் வாரக்கணக்கில் நிற்கும் விமானத்தில் இத்துவாரத்தை அடைப்பது பெரும்பாலும் குளவி. வீட்டில் குளவி கூடு கட்டினால் குழந்தை பிறக்குமென்று அதைக் கலைக்காமல் விடுவது நம்மவர் வழக்கம்; விமானக் கொட்டகையில் அந்தத் தாட்சண்யம் கூடாது. புறப்பட்ட சில நிமிஷங்கள் நன்றாக ஓடிப் பின் எஞ்சின் சோர்வதும், தொட்டியின் மூடியைத் திறந்ததும் காற்று உஸ்ஸென்று உள்ளே பாய்வதும் இக்கோளாறின் லட்சணங்கள்.

துவாரம் சுத்தமாயிருந்தால், குழாயைக் கார்புரேட்டருக்கு முன்னால் கழற்றி, விமானத்தின் மூக்கை மேலேறும் நிலைக்கு உயர்த்திவைத்து, ஒரு பாத்திரத்தில் பெட்ரோலைப் பிடித்து, நிமிஷத்துக்கு எவ்வளவு வருகிறதென்று அளக்க வேண்டும். ஆகர்ஷணத்தால் மட்டுமே இறங்கும் அமைப்பில், முழு வேகத்தில் எஞ்சினுக்குத் தேவைப்படுவதைப்போல் ஒன்றரை மடங்கு வர வேண்டுமென்பது விமானத் துறையின் விதி. வரவில்லையெனில் குழாய், வடிகட்டி, திறப்பான் ஆகியவற்றில்தான் கோளாறு; கார்புரேட்டர் நிரபராதி. அடுத்தது தண்ணீர். கடற்காற்றின் ஈரம் அரைகுறையாக நிரம்பிய தொட்டிக்குள் இரவில் குளிர்ந்து நீராகும். பெட்ரோலைவிடக் கனமான அந்நீர் அடியில் தங்கும். மாலையிலேயே தொட்டியை நிரப்பிவைப்பதும், காலையில் அடித்திறப்பில் சிறிது பிடித்துக் கண்ணாடிப் பாத்திரத்தில் பார்ப்பதும் இதற்குப் பரிகாரம்.

இவையெல்லாம் கைக்கு அகப்படும் குற்றவாளிகள். அகப்படாத ஒன்று உண்டு, அது பனிக்கட்டி. தாம்பரத்தில் பனிக்கட்டியா என்று வாசகர் நகைக்கலாம். ஆனால் கார்புரேட்டரின் குறுகிய தொண்டையில் காற்று விரைந்து விரிவதாலும், பெட்ரோல் ஆவியாகும்போது சுற்றியுள்ள உஷ்ணத்தைக் கவர்ந்துகொள்வதாலும், அங்கே உஷ்ணநிலை 20 டிகிரிக்கும் மேல் வீழ்ந்துவிடக்கூடும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும் ஒரு காலைப்பொழுதில், வெளிக்காற்று 24 டிகிரியாகவும் ஈரம் மிகுந்ததாகவும் இருக்கையில், அத்தொண்டையில் உறைபனி படிவதற்குத் தடையேதுமில்லை. இறங்குவதற்காக வைமானி எஞ்சினைத் தணித்து, காற்றுவழி ஏறக்குறைய மூடியிருக்கும் தருணத்திலேயே அபாயம் அதிகம். பெங்களூரில் உருவாகி 1958இல் பறந்து, நாட்டின் பறப்புக் கழகங்களுக்கெல்லாம் பரிச்சயமான புஷ்பக் விமானத்தின் 90 குதிரைசக்திக் கான்டினென்டல் எஞ்சின் வகை இவ்விஷயத்தில் பெயர்பெற்றது. புரொப்பெல்லரின் சுழற்சி காரணமின்றி மெல்லக் குறைவது முதல் அறிகுறி. வெப்பக் காற்றைத் திருப்பிவிடும் விசையை இழுத்தால், உருகிய நீர் எஞ்சினுக்குள் போவதால் அது முன்னிலும் மோசமாக இருமும். பயந்து விசையைத் திரும்பத் தள்ளிவிடுபவர் தம் மருந்தைத் தாமே கொட்டிவிடுகிறார். விமானம் தரையிறங்கிய சில நிமிஷங்களில், எஞ்சினின் சூட்டிலேயே பனி கரைந்து தடயமின்றிப் போய்விடுவதால், மெக்கானிக் எதைக் கழற்றிப் பார்த்தும் பயனில்லை. அன்றைய வெயிலையும் ஈரத்தையும் வைமானியிடம் விசாரிப்பதே அவருடைய பரிசோதனை.

கத்திரி வெயிலில் நிலைமை நேர்மாறு. ஓடி நின்ற எஞ்சினின் சூட்டில் குழாயிலுள்ள பெட்ரோலே ஆவியாகி வழியை அடைத்துக்கொள்ளும். தொட்டி எஞ்சினுக்குக் கீழே இருக்கும் தாழ்ந்த இறக்கை விமானங்களில், பம்பு உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் குறைவதால், இந்த ஆவியடைப்பு எளிதில் நேரும். விமானப் படையின் எச்.பி.டி. 32 தீபக் என்னும் பயிற்சி விமானத்திற்குக் கார்புரேட்டரே கிடையாது, ஆகவே அதில் பனிக்கட்டிப் பிரச்சினை இல்லை. ஆயினும் பறக்கும்போதே எஞ்சின் நின்றுபோகும் துர்க்குணம் அதை விடாமல் தொடர்ந்தது. 2009 ஜூலையில் இரு வைமானிகள் உயிரிழந்த விபத்துக்குப் பின் அவ்விமானங்கள் பறப்பதே நிறுத்தப்பட்டது.

இன்று பழைய விமானம் வைத்திருப்பவருக்குப் புதிய தொல்லையொன்று சேர்ந்திருக்கிறது. சாலையோரப் பங்க்கில் கிடைக்கும் பெட்ரோல், விமானப் பெட்ரோலைவிட எளிதில் ஆவியாவது. போதாக்குறைக்கு அதில் எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் நீரை இழுத்துக்கொள்ளும். பழைய ரப்பர் வளையங்களையும் தக்கை மிதவைகளையும் கெடுக்கும். ஒரு கண்ணாடிக் குழாயில் நீரை ஒரு கோடுவரை ஊற்றி, மேலே பெட்ரோல் நிரப்பிக் குலுக்கி வைத்தால், கோடு மேலேறியிருப்பதைக் கொண்டே எத்தனால் இருப்பதை அறிந்துவிடலாம். தொட்டியில் ஊற்றுவதற்கு முன் செய்ய வேண்டிய பரீட்சை இது.