ரேகைப் பதிவேட்டில் இல்லாத பெண்கள்

போடிநாயக்கனூருக்கு ரயில் வந்தது 1928-இல். மதுரையில் கிளம்பி ஏலக்காய் மலையின் அடிவாரத்தில் முடியும் அந்தப் பாதை, வழியில் உசிலம்பட்டியைத் தொட்டு வருகிறது. அந்த வட்டாரத்துப் பிரமலைக் கள்ளர் ஊர்களில் அப்போது குற்றப் பழங்குடிச் சட்டத்தின் கீழ் கைரேகை வைத்த ஆண்கள் ராத்திரி தங்கள் வீட்டில் படுக்க முடியாது. காவல் நிலையத்திலோ சாவடியிலோதான் படுக்க வேண்டும். வெளியூரில் தங்க அனுமதிச் சீட்டு வேண்டும். மலைத்தோட்டத்துக் கூலிக்குப் போகிறவருக்கும் விலக்கில்லை. ரயில் வந்த பிறகும் ஊரே சிறையாகத்தான் இருந்தது.

இதே பிரிட்டிஷ் அரசு தன் நாட்டுப் பெண்களைக் கப்பலேற்றியும் தண்டித்தது. 1788 தொடங்கி ஏறத்தாழ 25,000 பெண் கைதிகள் ஆஸ்திரேலியா போய் இறங்கினார்கள். பெரும்பாலோர் செய்தது சில்லறைத் திருட்டு. பரமட்டா, ஹோபார்ட் போன்ற இடங்களில் 'பெண்கள் தொழிற்சாலை' என்ற பெயரில் இருந்த சிறைக்கூடங்களில் நூல் நூற்றார்கள், துணி வெளுத்தார்கள். ஆண்கள் மிகுந்த குடியேற்றத்துக்கு மனைவிகள் தேவைப்பட்டதால், பெண் தேடி வந்தவர்களுக்கு அங்கிருந்தே கட்டிவைத்தார்கள்.

அந்தமானிலும் அதே கணக்குதான். 1858-இல் அங்கே தண்டனைக் குடியேற்றம் தொடங்கியது. பின்னர் இந்தியாவிலிருந்து பெண் கைதிகளும் அனுப்பப்பட்டார்கள். கணவனையோ குழந்தையையோ கொன்றதாகத் தண்டனை பெற்றவர்களே அவர்களில் மிகுதி. பெண்கள் சிறையில் ஐந்தாண்டு ஒழுங்காகக் கழித்தவள், நன்னடத்தையால் வெளியே வாழ அனுமதி பெற்ற ஆண் கைதியை மணக்கலாம். அப்படி அமைந்த குடும்பங்களின் வாரிசுகள் இன்றும் அங்கே வாழ்கிறார்கள்.

மாயக்காள் ஊர்

கள்ளர் நாட்டில் ஆளைக் கடல் கடத்தவில்லை. வட இந்தியாவில் 1871-இல் வந்த குற்றப் பழங்குடிச் சட்டம், 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. குற்றம் செய்திருக்க வேண்டியதில்லை. பிறந்த சாதியே போதும். ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி போலீஸ் சுட்டது. இறந்தவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். குண்டடிபட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனவர் என்று ஊர் அவரை நினைவில் வைத்திருக்கிறது. 'ரோசாப்பூ துரை' என்று மக்கள் அழைத்த மதுரை வக்கீல் ஜார்ஜ் ஜோசப் இந்த மக்களுக்காக வாதாடினார். சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-இல்தான் ஒழிந்தது.

ஆண்கள் சாவடியில் படுத்த அத்தனை வருடமும் வீட்டுக்கும் மாட்டுக்கும் பிள்ளைகளுக்கும் ராக்காவல் இருந்தவர்கள் பெண்கள். ரேகை வைத்தவர்கள் ஆண்கள் என்பதால் பதிவேட்டில் பெண்களுக்குப் பக்கமில்லை. தண்டனையில் மட்டும் பங்கு இருந்தது.

ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிய பெண்களுக்கோ ஒரு தடயம் மிஞ்சியது. 1841-இல் 'ராஜா' என்ற கப்பலில் ஹோபார்ட் போன பெண் கைதிகள், வழியில் துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டு ஒரு போர்வை தைத்தார்கள். அது இன்று ஆஸ்திரேலிய தேசிய கலைக்கூடத்தின் பொக்கிஷம். கைதிப் பாட்டியின் பெயரைத் தேடிக் கண்டுபிடிப்பது அங்கே பல குடும்பங்களுக்குப் பெருமை. நம் பக்கம் சட்டத்தின் மிச்சமாகக் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் தேனி, மதுரை, திண்டுக்கல் மாவட்டங்களில் நடக்கின்றன. அவற்றில் படிக்கும் பிள்ளைகளிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, தொண்ணூறு வயதுப் பாட்டிகளிடம் அந்த ராத்திரிகளைப் பற்றிக் கேட்டு எழுதச் சொல்லலாம். அரசாங்கம் எழுதாமல் விட்ட பதிவேடு அதுதான். எழுத இன்னும் சில வருடங்களே மிச்சம்.