அறுபதுக்குப் பின் பனிச்சறுக்கு

பனிக்கட்டியைக் குளிர்பதனப் பெட்டியிலும், உறைபனியை மார்கழி மாதத்து உதகைப் புல்வெளியிலும் மட்டுமே கண்டு பழகியவர்கள் நாம். ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைப் பகுதியில் பிறந்தவர்களுக்கோ பனி என்பது நமக்கு ஆறு போன்றது. நம் ஊர்ப் பிள்ளைகள் நீச்சல் பழகுவதைப் போல அங்குள்ள பிள்ளைகள் பனிச்சறுக்குப் பழகுகிறார்கள். அறுபது, எழுபது வயதானாலும் அதை விடுவதில்லை. ஆற்றில் இறங்கி ஒரு முழுக்குப் போட்டால்தான் குளித்ததுபோல் இருக்கும் என்று சொல்லும் நம் ஊர்ப் பெரியவர்களைப் போன்றவர்களே அவர்களும்.

முழங்கால் தளர்ந்த ஒருவர் செங்குத்தான சரிவில் இரண்டு பலகைகளைக் காலில் கட்டிக்கொண்டு இறங்குவது அறிவுடைமையா என்று நீங்கள் கேட்கலாம். கருவி அவருடைய உடலுக்குப் பொருந்தியிருந்தால் பெரும்பாலும் இறங்கலாம் என்பதே விடை. எப்படிப் பொருத்துவது என்பதில் நாம் வகுப்பறையில் படிக்கும் உராய்வு, முறுக்குத்திறன், வட்ட இயக்கம் ஆகிய மூன்றும் வந்து நிற்கின்றன. ஆகவேதான் இயற்பியல் துறையைச் சேர்ந்த நான் இதைப்பற்றி எழுத முற்பட்டேன்.

பிரான்சு நாட்டின் கிரெனோபிள் நகரில் ஆய்வுப் பணிக்காக இரண்டாண்டுகள் தங்கியிருந்தேன். 1968ஆம் ஆண்டின் குளிர்கால ஒலிம்பிக் விளையாட்டுகள் நடந்த நகரம் அது. நகருக்கு அருகிலுள்ள ஷாம்ரூஸ் மலையில்தான் ஜான் குளோத் கில்லி என்ற பிரெஞ்சு வீரர் மூன்று தங்கப் பதக்கங்களை வென்றார். 2018இல் எனக்கு வீடு வாடகைக்குக் கொடுத்திருந்த பெரியவர், பத்தொன்பது வயது இளைஞராக அந்தப் பந்தயத்தைப் பனியில் நின்று பார்த்தவர். அஞ்சல் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அந்தக் குளிர்காலத்தின் தொடக்கத்தில் அவர் ஒரு சாதாரணத் திருப்பத்தில் விழுந்தார். பலகை காலைவிட்டுக் கழலவில்லை, முழங்கால் சுளுக்கிக்கொண்டது. 'இனிமேல் மலைப்பக்கம் போகக் கூடாது' என்று மகள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். பேரப்பிள்ளைகளுடன் இறங்குவது ஒன்றே குளிர்காலத்தில் அவருக்கு இருந்த மகிழ்ச்சி. மருத்துவரோ, 'மலையை விட வேண்டாம். பலகையை மாற்றுங்கள்' என்றார். அவர் கால் தேறிவந்த வாரங்களில், வீட்டு நிலவறையிலிருந்த பட்டறை மேசையருகே உட்கார்ந்து அவரிடம் நான் கேட்டும் பார்த்தும் கற்றவற்றையே இங்கே தொகுத்துத் தருகிறேன்.

பழைய பலகையும் புதிய பலகையும்

பெரியவரின் பழைய பலகைகள் 1980களில் வாங்கியவை. நீளம் 203 சென்டிமீட்டர். ஏறத்தாழ நேரான விளிம்பு. விறைப்பு மிக அதிகம். அக்காலத்தில் நீளமான பலகையே வீரனுக்கு அழகு என்று கருதப்பட்டது. அதைத் திருப்புவதற்குத் தொடை வலிமை வேண்டும். குதிகாலைத் தள்ள வேண்டும்.

1993இல் ஸ்லோவேனியா நாட்டு ஏலான் நிறுவனம் இடை குறுகி, முன்னும் பின்னும் அகன்ற பலகையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விரைவில் மற்ற நிறுவனங்களும் அதே வழியில் சென்றன. இந்த உடுக்கை வடிவத்தின் பயன் என்ன? விளிம்பு ஒரு பெரிய வட்டத்தின் வில்லாக அமைகிறது. பலகையைப் பக்கவாட்டில் சாய்த்தால் அது வளைந்து, தானாகவே வட்டப் பாதையில் செல்கிறது. விளிம்பின் ஆரம் 16 மீட்டர் என்று கொள்வோம். கடினப் பனியில் திருப்பத்தின் ஆரம், ஏறத்தாழ அந்த 16ஐச் சாய்வுக் கோணத்தின் கொசைனால் பெருக்கக் கிடைப்பது. 30 பாகை சாய்த்தால் ஏறத்தாழ 13.9 மீட்டர், 45 பாகை சாய்த்தால் 11.3 மீட்டர், 60 பாகை சாய்த்தால் 8 மீட்டர். இளைஞன் 60 பாகை சாய்வான். முதியவர் 30 பாகைக்கு மேல் சாய விரும்பமாட்டார். ஆகவே அவருக்கு இயல்பிலேயே ஆரம் குறைந்த பலகை, அதாவது 13 முதல் 16 மீட்டர் வரை உள்ளது, ஏற்றது.

அகலம் எவ்வளவு?

பதப்படுத்திய பாதை, மென்பனி, கட்டிதட்டிய பனி ஆகிய எல்லாவற்றிலும் ஓடத்தக்க பலகையை ஆல்-மவுன்டன் பலகை என்கிறார்கள். அதன் இடை அகலம் பொதுவாக 75 முதல் 100 மில்லிமீட்டர் வரை இருக்கும். அகலம் கூடினால் மென்பனியில் மிதக்கும். கடினப் பனியில் என்ன ஆகும்?

சாய்ந்த பலகையைத் தாங்குவது அதன் உள்விளிம்பு. கால் நிற்பதோ பலகையின் நடுவில். 100 மில்லிமீட்டர் அகலமுள்ள பலகையில் நடுவுக்கும் விளிம்புக்கும் இடையே 50 மில்லிமீட்டர். 74 மில்லிமீட்டர் பலகையில் 37. வேறுபாடு 13 மில்லிமீட்டர்தான். ஆனால் திருப்பத்தில் கால்மீது 1000 நியூட்டன் விசை செயல்படுவதாகக் கொண்டால், ஒவ்வொரு திருப்பத்திலும் கணுக்காலும் முழங்காலும் கூடுதலாக 13 நியூட்டன் மீட்டர் முறுக்கைத் தாங்க வேண்டும். ஒரு நாளில் பல நூறு திருப்பங்கள்! இருபது வயது முழங்கால் இதைப் பொருட்படுத்தாது. அறுபத்தொன்பது வயது முழங்கால் மாலையில் கணக்குக் கேட்கும். பெரும்பாலும் பதப்படுத்திய பாதையிலேயே இறங்கும் முதியவருக்கு 75 முதல் 88 மில்லிமீட்டருக்குள் இருப்பதே நலம்.

நீளம், விறைப்பு, எடை

பலகையைச் செங்குத்தாக நிறுத்தினால் அதன் நுனி மோவாய்க்கும் மூக்குக்கும் இடையே வர வேண்டும். அதைவிட நீளமானது வேகத்தில் நிலையாக ஓடும். மெல்ல இறங்குபவருக்கு அது தேவையில்லை. ஆனால் மிகக் குட்டையானதும் ஆகாது. சற்று வேகம் கூடினாலே ஆட்டம் காணும்.

பலகையின் உள்ளே பாப்ளர், பீச் போன்ற மரங்களின் பட்டைகளை ஒட்டிய நடுப்பகுதி இருக்கிறது. சிலவற்றில் அதன் மேலும் கீழும் அலுமினியக் கலவைத் தகடுகள் இரண்டு வைக்கிறார்கள். தகடு அதிர்வை அடக்கும்; அதோடு எடையையும் விறைப்பையும் கூட்டும். விறைப்பான பலகையை வளைக்க வேகமோ உடல் எடையோ வேண்டும். இரண்டும் குறைந்தவருக்கு மரநடுவும், தேவையானால் மெல்லிய ஒற்றைத் தகடும் போதும். முன்நுனி சற்றே முன்கூட்டி மேல்நோக்கி எழும் அமைப்பை ராக்கர் என்கிறார்கள். அது திருப்பத்தைத் தொடங்க எளிதாக்கும். ஆயினும் காலடியில் பலகை வில்போல் மேல்வளைந்திருக்க வேண்டும். இல்லையேல் கடினப் பனியில் பிடிப்பு இராது.

கடையில் ஒரு வேடிக்கை நடந்தது. பெரியவருக்கு மிகப் பொருத்தமாக அமைந்த பலகை பெண்களுக்கென்று விற்கப்படுவது. மேலே ஊதா நிறப் பூக்கள் வரைந்திருந்தன. அவ்வகைப் பலகைகள் பல எடை குறைந்தும் நெகிழ்வாகவும் செய்யப்படுகின்றன. முகம் சுளித்தவரிடம் பேத்தி, 'தாத்தா, பனிக்குள்ளே பூ யாருக்குத் தெரியும்?' என்றாள். வாங்கிவிட்டார்.

உயிர்நாடி பைண்டிங்

காலணியைப் பலகையோடு பிணைக்கும் கருவிக்குப் பைண்டிங் என்று பெயர். ஓடும்போது கழலக் கூடாது. விழும்போது கழல வேண்டும். நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஹியால்மர் வாம் என்ற வீரர், தம் காலே முறிந்த பின்னர் 1930களின் இறுதியில் தானாகக் கழலும் பைண்டிங்கை உருவாக்கிய முன்னோடி. இத்தகைய கருவிகள் செம்மையடைந்த பிறகு கீழ்க்கால் எலும்பு முறிவுகள் வெகுவாகக் குறைந்தன. முழங்கால் தசைநார்களை அவற்றால் முற்றும் காக்க இயலவில்லை. ஆகவே முதியவர் பின்சாய்ந்து ஓடாதிருப்பது இன்றியமையாதது.

கழலும் விசையை எடை, உயரம், காலணி அடிப்பகுதியின் நீளம், ஓடும் பாங்கு, வயது ஆகிய ஐந்தையும் கொண்டு ஓர் அட்டவணையில் கண்டறிகிறார்கள். ஓடும் பாங்கில் நிதானமானவர், நடுத்தரமானவர், வேகமானவர் என மூன்று வகை. நடுத்தரம் என்றால் அட்டவணையில் ஒரு வரிசை விசை கூடும்; வேகம் என்றால் இரண்டு வரிசை கூடும். ஐம்பது வயதைத் தொட்டவருக்கு ஒரு வரிசை குறையும். ஆகவே முப்பது வயதில் வைத்த அளவை அறுபதிலும் அப்படியே விட்டுவைப்பது, விழும்போது கழலாத விலங்கைக் காலில் பூட்டிக்கொள்வதற்கு ஒப்பாகும். பெரியவரின் பழைய பைண்டிங்கைச் சோதிக்கவே கடைக்காரர் மறுத்துவிட்டார். சுருள்வில்லும் நெகிழிப் பகுதிகளும் மூப்படைந்த கருவிக்கு எந்த எண்ணும் உத்தரவாதம் ஆகாது என்பது அவர் சொன்ன காரணம். இந்த ஒன்றை மட்டும் வீட்டில் செய்யாமல், அளவுக்கருவி உள்ள பட்டறையில் ஒவ்வோர் ஆண்டும் செய்துகொள்ள வேண்டும்.

அரமும் மெழுகும்

இனிப் பலகையைச் செப்பம் செய்யும் முறை. முதலில் நேரான உருக்குச் சட்டத்தைக் குறுக்கே வைத்து, அடிப்பகுதி சமதளமா என்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். நடு குழிந்திருந்தால் விளிம்பு திடீரென்று பனியில் மாட்டும். நடு புடைத்திருந்தால் பலகை அலைபாயும். இரண்டுக்கும் பட்டறைச் சாணையே மருந்து.

விளிம்பில் இரண்டு கோணங்கள் உண்டு. அடிப்பக்கம் 1 பாகை, பக்கவாட்டில் 2 பாகை என்பது பொழுதுபோக்குக்காக ஓடும் முதியவருக்கு ஏற்ற நடுவழி. அடிப்பக்கக் கோணம் இருப்பதால், பலகையை 1 பாகை சாய்த்த பிறகே விளிம்பு கடிக்கும். அந்தச் சிறு இடைவெளி தடுமாற்றத்தை மன்னிக்கும். இக்கோணத்தை அடிக்கடி தொடக் கூடாது; கூடிவிட்டால் அடி முழுவதையும் சாணை பிடித்தாலன்றிக் குறையாது. பக்கவாட்டை மட்டும் கோணச்சட்டத்தில் அரத்தைப் பொருத்தி, நுனியிலிருந்து வால்வரை ஒரே திசையில் இழுக்க வேண்டும். விளிம்பில் முன்பே மைப்பேனாவால் கறுப்புத் தீட்டி வைத்தால், மை போன இடமே அரம் பட்ட இடம் என்று தெரியும். பின் வைரக்கல்லால் பிசிறு நீக்க வேண்டும். முன்நுனியிலும் வாலிலும் சில சென்டிமீட்டர் தூரத்துக்கு ரப்பர்க் கல்லால் கூர்மையைச் சற்றே மழுக்கினால் திருப்பம் இணக்கமாகும். காலடிப் பகுதி மட்டும் கூர்மையாகவே இருக்கட்டும். மழுங்கிய விளிம்பு முதியவருக்குப் பாதுகாப்பு என்று எண்ணுவது தவறு. பிடிப்பில்லாத விளிம்பை அழுத்தி அழுத்தியே தொடை சோர்ந்துவிடும். சோர்ந்த காலே விழும்.

மெழுகு வேகத்துக்கு மட்டுமன்று. பலகை சறுக்குவதற்கு உராய்வு வெப்பத்தால் உருவாகும் மெல்லிய நீர்ப்படலமே காரணம் என்று பௌடன், ஹியூஸ் ஆகிய அறிஞர்கள் 1939இல் விளக்கினர். இளவேனிற்கால நண்பகலில் பனி உருகி நீர் மிகுந்துவிட்டால், மெழுகற்ற பலகையைப் பனி அட்டைபோலப் பற்றிக்கொள்ளும். பலகை நிற்கும், உடல் முன்னே பாயும். இளைஞன் சமாளிப்பான், முதியவர் விழுவார். ஆகவே வெப்பநிலைக்கேற்ற பாரஃபின் மெழுகை இஸ்திரிப்பெட்டி போன்ற சூட்டுக்கருவியால் உருக்கித் தேய்த்து, ஆறிய பின் நெகிழித் தகட்டால் வழித்துத் தூரிகையிட வேண்டும். புகை எழுந்தால் சூடு அதிகம் என்று பொருள். புளோரின் கலந்த மெழுகு சூழலுக்குத் தீங்கானது. 2023-24 பருவத்திலிருந்து பன்னாட்டுப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பே தன் போட்டிகளில் அதற்குத் தடை விதித்துள்ளது. பொழுதுபோக்குக்கு அது தேவையும் இல்லை.

அந்த மார்ச்சு மாதத்தில் மகளே பெரியவரை ஷாம்ரூஸுக்கு அழைத்துச் சென்றாள். நீலக் குறியிட்ட எளிய பாதையில், காலை பத்து மணி முதல் நண்பகல் வரை மட்டும் என்பது நிபந்தனை.

மாணவ நண்பர்களே! நம் நாட்டிலும் குல்மார்க், ஔலி ஆகிய இடங்களில் பனிச்சறுக்கு நடைபெறுகிறது. உங்களில் சிலர் சுற்றுலா செல்லலாம். பெற்றோரும் உடன் வரலாம். வாடகைக்குப் பலகை தருபவர் வயது, எடை, பழக்கம் மூன்றையும் கேட்பார். அப்பாவுக்கு ஐம்பத்தெட்டு என்றால் ஐம்பத்தெட்டு என்றே சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டால் நீங்களே எடுத்துச் சொல்லி, அதற்கேற்பப் பைண்டிங்கைத் திருத்தித் தரச் சொல்லுங்கள். வயதைக் குறைத்துச் சொல்வதால் கிடைக்கும் பெருமை, முதல் வளைவுக்குக்கூட உடன்வராது.