அளவுநாடாவும் வளரிளம் பிள்ளைகளும்

எண்சாண் உடம்பு என்று நம் முன்னோர் சொல்லி வந்தனர். ஒருவருடைய உடம்பு அவரவர் கைச்சாணால் எட்டுச் சாண் என்பது அதன் பொருள். பிறருடைய கையால் அளந்தால் அக்கணக்குப் பிழைத்துவிடும். ஓர் உடலை அளப்பதற்கு அவ்வுடலுக்கு ஏற்ற அளவுகோலையே கொள்ள வேண்டும் என்னும் உண்மை இச்சிறு தொடரில் அடங்கியிருக்கிறது. வளரிளம் பருவத்துப் பிள்ளைகளிடம் மிகைக் கொழுப்பு உண்டா என்பதை உடலளவுகளைக் கொண்டு அறியும் முறை யாது, அதன் பயன் யாது, அதன் எல்லை யாது என்பவற்றை இங்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

பிள்ளைகளின் உயரத்தையும் நிறையையும் அளப்பது நமது பாடசாலைகளுக்குப் புதியதன்று. சுகாதார வைத்திய அதிகாரியும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் பாடசாலைக்கு வந்து முதலாம், நான்காம், ஏழாம், பத்தாம் தரப் பிள்ளைகளைப் பரிசோதிப்பது இந்நாட்டு வழக்கம். நெடுங்காலமாக அப்பரிசோதனையில் நம் கண் தேடியது மெலிந்த பிள்ளையையே. அத்தேடல் இன்றும் வேண்டியதே. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி பல வீடுகளின் அடுப்பங்கரையைத் தொட்டது என்பதை யாவரும் அறிவோம். ஆயினும், அதே வகுப்பில், மெலிந்த பிள்ளைக்கு அருகிலேயே, வேண்டியதற்கு மேற்பட்ட கொழுப்பைச் சுமக்கும் பிள்ளையும் இன்று அமர்ந்திருக்கிறது.

இம்மாற்றத்தின் காரணங்களைக் கரவெட்டியிலும் அதைச் சூழ்ந்த வடமராட்சிக் கிராமங்களிலும் எளிதிற் காணலாம். 1990களில் பொருளாதாரத் தடை நிலவிய காலத்தில் துவிச்சக்கரவண்டியும் கால்நடையுமே பிள்ளைகளின் போக்குவரத்து. 2009இல் போர் முடிந்து பாதை திறந்த பின்னர், பொதிசெய்த தின்பண்டங்களும் இனிப்புப் பானங்களும் சந்திக் கடைகள் தோறும் வந்து சேர்ந்தன. பாடசாலை விட்டதும் தனியார் கல்வி நிலையம், அது விட்டதும் கைத்தொலைபேசி என்று மாலைப் பொழுது கழிகிறது. விளையாட்டுத் திடல் வெறுமையாய்க் கிடக்கிறது.

கொழுப்பு உடலுக்குப் பகையன்று. வளர்ச்சிக்கும், சிறப்பாகப் பருவமெய்தும் பெண்பிள்ளைகளுக்கும், அது இன்றியமையாதது. அது மிகும்போதே தீங்கு தொடங்குகிறது. வயிற்றினுள்ளே உறுப்புகளைச் சூழ்ந்து சேரும் கொழுப்பு, இன்சுலின் தன் பணியைச் செய்வதற்குத் தடையாகிறது. ஈரலிலும் கொழுப்புப் படிகிறது. இரத்த அழுத்தம் உயர்கிறது. ஒருகாலத்தில் நடுவயதினரின் நோயாக எண்ணப்பட்ட இரண்டாம் வகை நீரிழிவு இப்போது வளரிளம் பருவத்திலேயே தலைகாட்டுகிறது. நோய் வருமுன் குறியை அறிந்தால் திருத்துவது எளிது. அக்குறியை அறிவதற்கே அளவை.

நேயர்களே! இவ்வளவைகளுள் பெரிதும் வழங்குவது உடற்திணிவுச் சுட்டெண். பி.எம்.ஐ. என்று வைத்தியசாலைகளில் இதனையே சொல்வார்கள். கிலோகிராமிற் கண்ட நிறையை, மீற்றரிற் கண்ட உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வருவது அது. 160 சென்ரிமீற்றர் உயரமும் 57 கிலோகிராம் நிறையும் உள்ள பிள்ளையின் உயரம் 1.6 மீற்றர், அதன் வர்க்கம் 2.56; ஆகவே சுட்டெண் 22.3. பெல்சிய நாட்டு வானியலாளரும் புள்ளிவிவர அறிஞருமாகிய அடொல்ஃப் கெற்லே என்பவர் 1830களில் இக்கணக்கை வகுத்தார். அவர் நாடியது சராசரி மனிதனின் இலக்கணத்தையே. கொழுப்பை அளப்பது அவர் நோக்கமன்று. 1972இல் அமெரிக்க அறிஞர் அன்செல் கீஸ், வளர்ந்த ஆண்களை ஆராய்ந்து, இக்கணக்கிற்கு இன்றைய பெயரைச் சூட்டிப் பரப்பினார்.

வளர்ந்தோருக்கு எழுந்த கணக்கை வளரும் பிள்ளைக்கு அப்படியே பொருத்துதல் ஆகாது. பருவந்தோறும் எலும்பும் தசையும் கொழுப்பும் வெவ்வேறு விரைவில் வளர்கின்றன. ஆண்பிள்ளைக்குத் தசை மிகும் வயதிலேயே பெண்பிள்ளைக்கு இயல்பாகக் கொழுப்பு மிகுகிறது. ஆதலால், 5 முதல் 19 வயது வரையுள்ளோருக்கு, வயதுக்கும் பாலுக்கும் தக்கவாறு அமைந்த வளர்ச்சி வரைபை உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்டது. நாம் மேலே கண்ட 22.3 என்னும் எண்ணையே அவ்வரைபில் வைத்துப் பார்ப்போம். பத்து வயது ஆண்பிள்ளைக்கு அது உடற்பருமன். பதினான்கு வயது ஆண்பிள்ளைக்கு எல்லை 21.8 ஆதலின், அது மிகை நிறை. பதினான்கு வயதுப் பெண்பிள்ளைக்கு எல்லை 22.7 ஆதலின், அது இயல்பு. பதினெட்டு வயது இளைஞனுக்கும் இயல்பே. எண் ஒன்று, தீர்ப்போ மூன்று. வயதையும் பாலையும் கேளாமல் சுட்டெண்ணை மட்டும் கூறுவது பயனற்றது.

இவ்வெண்ணுக்கு இன்னுமொரு குறை உண்டு. அது நிறையை அறியும். நிறைக்குள் இருப்பது தசையா கொழுப்பா என்பதை அறியாது. இதற்குச் சுவையான சான்று ஒன்று உண்டு. பூனா நகரத்து வைத்தியர் யாஜ்னிக், இலண்டன் பேராசிரியர் யுட்கின் ஆகிய இருவரும் 2004இல் லான்செற் என்னும் மருத்துவ இதழில் தம் உடல்களையே எடுத்துக்காட்டாகத் தந்தனர். இருவருக்கும் சுட்டெண் 22.3. ஆயினும் ஊடுகதிர்க் கருவியால் ஆராய்ந்தபோது, ஆங்கிலேயர் உடலிற் கொழுப்பு நூற்றுக்கு 9.1, இந்தியர் உடலில் நூற்றுக்கு 21.2. தோற்றத்தில் மெலிவு, உள்ளே கொழுப்பு என்பது தென்னாசிய மக்களிடம் பரவலாகக் காணப்படும் உடலமைப்பு.

நமது நாட்டு ஆய்வும் இதனையே காட்டுகிறது. கொழும்புப் பல்கலைக்கழகக் குழந்தை மருத்துவப் பேராசிரியர் பூஜித விக்கிரமசிங்கவும் அவரோடு உழைத்த அறிஞர்களும், இலங்கைச் சிறாரின் உடற்கொழுப்பைக் கணித்து, அதனைச் சுட்டெண்ணுடன் ஒப்பிட்டனர். உலக வழக்கிலுள்ள எல்லைகளைக் கொண்டு பருமன் என்று குறிக்கப்பட்ட பிள்ளையிடம் பெரும்பாலும் மிகைக் கொழுப்பு இருக்கவே செய்தது. ஆனால் மிகைக் கொழுப்புடைய பிள்ளைகள் பலரை அவ்வெல்லைகள் தவறவிட்டன. அரிதட்டைக் கொண்டு இதனை விளக்கலாம். கண் பெரிதான அரிதட்டில் தங்குவது பெரிய கல்லே. ஆயினும் சிறு கற்கள் பல மாவோடு கீழே போய்விடுகின்றன. கண்ணைச் சிறிதாக்கினால் சிறு கல்லும் தங்கும். அதனோடு நல்ல மாவிலும் சிறிது தங்கிவிடும். இந்தியக் குழந்தை வைத்தியர் கழகம் 2015இல் வெளியிட்ட வரைபில் கண்ணைச் சிறிதாக்கியது. வளர்ந்த பின் 25 என்னும் எல்லையில் முடியும் கோட்டுக்குப் பதிலாக, 23இல் முடியும் கோட்டையே அது மிகை நிறைக்கு எல்லையாகக் கொண்டது.

இங்கே இடைச் சுற்றளவு துணைக்கு வருகிறது. கடைசி விலா எலும்பின் கீழ் ஓரத்துக்கும் இடுப்பெலும்பின் மேல் ஓரத்துக்கும் நடுவே, இயல்பாக மூச்சை வெளிவிட்ட நிலையில், நாடாவை இறுக்காமற் சுற்றி அளத்தல் வேண்டும். அவ்வளவு உயரத்திற் பாதிக்குக் குறைவாக இருத்தல் நன்று. 160 சென்ரிமீற்றர் உயரமுள்ள பிள்ளைக்கு இடை 80ஐ எட்டினால் கவனம் வேண்டும். இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டி நிறுவனம் 2022இல் இவ்விகிதத்தை ஏற்றுக்கொண்டது. வீட்டிலே நாடா இல்லையெனினும் குறையில்லை. பிள்ளையின் உயரத்துக்கு ஒரு கயிற்றை அளந்து, அதனை இரண்டாக மடித்து இடையிற் சுற்றிப் பார்க்கலாம். முனைகள் சேர்ந்தால் நன்று. எண்சாண் உடம்பை அவரவர் சாணால் அளந்த நம்மவர்க்கு இவ்வளவை அந்நியமானதன்று. தோல்மடிப்பைக் கவ்வி அளக்கும் கருவியும் உண்டு. பயிற்சி பெற்ற கையே அதனைப் பயன்படுத்தலாம் ஆதலின், பாடசாலைக்கு அது ஏற்றதன்று.

கண்ணால் அறியத்தக்க ஒரு குறியையும் கூறுகிறேன். சில பிள்ளைகளின் பிடரியிலும் கக்கத்திலும் தோல் கறுத்துத் தடித்துக் காணப்படும். அழுக்கு என்று கருதிப் பெற்றோர் தேய்த்துக் குளிக்கச் சொல்வர். அது பெரும்பாலும் அழுக்கன்று. இன்சுலின் தடைப்படுவதன் அடையாளமாக இருக்கலாம். அத்தகைய பிள்ளையை வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும்.

இனி, அளக்கும் முறை பற்றி ஒரு சொல். சப்பாத்தைக் கழற்றாமலும், பின்னலை மடித்துக் கட்டிய உச்சிமுடியை அழுத்தாமலும் அளந்தால் உயரம் கூடிவிடும். மேலே கண்ட பதினான்கு வயது ஆண்பிள்ளையின் உயரம் 163 சென்ரிமீற்றர் என்று பதிவானால், சுட்டெண் 21.5ஆகக் குறைந்து, அவன் இயல்பானவர் வரிசையிற் சேர்ந்துவிடுவான். மூன்று சென்ரிமீற்றர் பிழை ஒரு பிள்ளையை நம் பார்வையிலிருந்து மறைத்துவிடுகிறது. ஆகவே வெறுங்காலுடன், குதிகாலும் பிட்டமும் தோளும் சுவரிற் படிய, நேர்நோக்கி நிற்கச் செய்து அளத்தல் வேண்டும். தராசைச் சமதரையில் வைத்து, சுழியைச் சரிபார்த்த பின்னரே நிறுத்தல் வேண்டும்.

அளவின் செம்மையினும் முதன்மையானது அளப்பவர் நாவின் செம்மை. வரிசையில் நிற்கவைத்து, ஒவ்வொரு பிள்ளையின் நிறையையும் உரத்துக் கூறி எழுதும் வழக்கம் ஒழிய வேண்டும். அன்று காதில் விழுந்த எண், அடுத்த நாள் பட்டப்பெயராகிவிடும். அப்பட்டப்பெயருக்கு அஞ்சி, சில பிள்ளைகள் விளையாட்டுப் பாடவேளையில் ஒதுங்கி நிற்கின்றனர். சிலர் காலை உணவைக் கைவிடுகின்றனர். நோயைத் தடுக்க எழுந்த அளவையே நோய்க்கு வழியாதல் கூடாது. பெண்பிள்ளைகளை ஆசிரியை ஒருவர் தனி அறையில் அளக்கட்டும். முடிவு மூடிய உறையிற் பெற்றோருக்குச் செல்லட்டும். வகுப்பில் அது பேச்சாக வேண்டியதில்லை.

எல்லையைக் கடந்த பிள்ளை நோயாளி அன்று. மீண்டும் அளந்து பார்க்க வேண்டிய பிள்ளை, அவ்வளவே. தசை வலுத்த விளையாட்டு வீரனும் அவ்வரிசையில் வரலாம். இரண்டாம் முறையும் அளவு மிகுந்திருந்தால், சுகாதார வைத்திய அதிகாரியிடமோ மந்திகையிலுள்ள பருத்தித்துறை ஆதார வைத்தியசாலையிலோ காட்டி, குருதி அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கச் செய்வது முறை. மருத்துவப் பரிசோதனை ஏழாம் தரத்துக்கும் பத்தாம் தரத்துக்கும் இடையே மூன்றாண்டு இடைவெளியுடன் வருகிறது. உடல் பெரிதும் மாறுவது அம்மூன்றாண்டிலேதான். ஆதலால் ஆண்டுக்கு ஒருமுறையேனும் வகுப்பாசிரியர் அளந்து குறித்து வைத்தல் நலம். ஒரு நாளைய எண்ணைவிட, அவ்வெண் ஆண்டுதோறும் எத்திசை செல்கிறது என்பதே மிகுதியாகப் பேசும்.

பெற்றோர் செய்யத்தக்கது பட்டினி போடுவதன்று. வளரும் பிள்ளை நிறையைக் குறைக்க வேண்டிய தேவை பெரும்பாலும் எழுவதில்லை. நிறை ஏறாமல் நின்று உயரம் ஏறினாலே சுட்டெண் தானே இறங்கும். இனிப்புப் பானங்களின் சீனி அளவைக் காட்டும் சிவப்பு, மஞ்சள், பச்சை நிற அடையாளம் 2016 முதல் இந்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. வாங்குமுன் அதனைப் பாருங்கள். குரக்கனும் பயறும் கீரையும் நம் வீட்டுக்குப் புதியவையல்ல. நாளொன்றுக்கு ஒரு மணி நேர உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. துவிச்சக்கரவண்டியிற் பாடசாலைக்குப் போய்வந்து, மாலையில் சற்றுநேரம் பந்தடித்தால் அக்கணக்கு நிறைவெய்தும். வீடு முழுவதும் இம்முறைக்கு வருதல் வேண்டும். ஒரு பிள்ளையின் தட்டை மட்டும் தனியாகப் பிரித்தல் ஆகாது.

அளவுநாடா ஒரு பிள்ளையின் தகுதியை அளக்கும் கருவி அன்று. எந்தப் பிள்ளையை இன்னும் அருகிருந்து கவனிக்க வேண்டும் என்று நமக்குச் சொல்வதே அதன் பணி. அது சொன்ன பின் கவனிப்பதும், கவனிக்கும்போது அப்பிள்ளையின் மனம் நோகாமற் காப்பதும் ஆசிரியரும் பெற்றோருமாகிய நமது கடன்.