இரும்புச்சத்துக் குளிசையும் சின்னப் பிள்ளைகளும்

கர்ப்பிணித் தாய்மாருக்குக் கிளினிக்கில் கொடுக்கும் இரும்புச்சத்துக் குளிசையைச் சிலர் பயந்து பெட்டிக்குள் போட்டுவிடுகிறார்கள். மலம் கறுப்பாகப் போவதுதான் காரணம். அதனால் தீங்கில்லை. குமட்டினால் சாப்பாட்டுக்குப் பின் எடுக்கலாம். தேநீருடன் மட்டும் வேண்டாம். தேயிலைச் சாயம் இரும்பை உடலில் சேரவிடாது. தேசிக்காய்த் தண்ணீர் நல்லது.

நாம் பயப்படவேண்டியது வேறொன்றுக்கு. ஒரு குளிசையில் பெரும்பாலும் 60 மில்லிகிராம் இரும்பு உண்டு. 10 கிலோ நிறையுள்ள பிள்ளை நாலு குளிசையை இனிப்பென்று விழுங்கினாலே நஞ்சாகலாம். பத்து என்றால் உயிருக்கே ஆபத்து. (சிவப்புப் பூச்சுப் பூசி மிட்டாய்போலக் குளிசை செய்பவர்களை என்ன சொல்ல!) சத்தியும் வயிற்றோட்டமும் வரும், சிலவேளை இரத்தத்துடன். சில மணித்தியாலத்தில் பிள்ளை தெளிந்ததுபோல் விளையாடவும் கூடும். அதை நம்பி இருந்துவிடக்கூடாது. ஈரல் பழுதடைவது அதன் பிறகே. விழுங்கியது தெரிந்தவுடனேயே, சத்தி எடுக்கவைக்க முயலாமல், குளிசை உறையையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும்.

ஒற்றை அறைக் கொட்டிலில் பூட்டுள்ள அலுமாரிக்கு எங்கே போவது? மூடி இறுகிய பேணியில் இட்டு, பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் கைமரத்தில் கட்டித் தொங்கவிடுவோம். மிஞ்சியவற்றைக் கிளினிக்கிலேயே திருப்பிக் கொடுப்போம்.