பாவித்த மோட்டார் சைக்கிள் வாங்குமுன் புகைச் சான்றிதழை வாசியுங்கள்

பாவித்த மோட்டார் சைக்கிள் வாங்கப் போகிறவர்களில் அநேகர் முதலில் பார்ப்பது அதன் பெயின்ட்டை. அடுத்து ஸ்டார்ட் பண்ணி எஞ்ஜின் சத்தத்தைக் கேட்பார்கள். பிறகு மீற்றரைக் குனிந்து பார்த்து, "ஓட்டம் குறைவுதான்" என்று தமக்குத் தாமே சொல்லிக்கொள்வார்கள். இந்த மூன்றையும் விற்பவர் இரண்டு நாளில் ஒழுங்குபண்ணி விடலாம். ஆறேழு வருடங்களாகச் சேர்ந்த கடதாசிக் கட்டை அப்படி ஒழுங்குபண்ண முடியாது.

சிறு வியாபாரிக்கு மோட்டார் சைக்கிள் சவாரிக்கான பொருளல்ல. கடைகளுக்குச் சாமான் போடுவதும் வசூலுக்குப் போவதும் அதில்தான். அது ஒரு நாள் கராஜில் நின்றால் அன்றைய வசூலும் நின்றுவிடும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அந்த இடைவெளியால் பாவித்த சைக்கிள் சந்தையில் வயது போனவைதான் அதிகம். விலை மட்டும் வயதைப் பார்த்து இறங்கவில்லை. ஆகவே வாங்குமுன் விசாரிப்பது முன்னரைவிட அவசியமாகிவிட்டது.

லொறிக்கும் பஸ்ஸுக்கும் வருடாவருடம் தகுதிச் சான்றிதழ் எடுக்க வேண்டும். மோட்டார் சைக்கிளுக்கு நம் நாட்டில் அது கிடையாது. அதற்கு வருடாந்தம் நடக்கும் ஒரே பரிசோதனை 2008இல் தொடங்கிய புகைப் பரிசோதனைதான். வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க அந்தச் சான்றிதழ் தேவை. அனுமதிப்பத்திரம் கைக்கு வந்ததும் சான்றிதழை மறந்துவிடுகிறோம். ஆனால் அதில் பரிசோதித்த திகதி, அன்றைய மீற்றர் வாசிப்பு, காபன் மொனொக்சைட்டின் வீதம், ஹைட்ரோகாபனின் அளவு எல்லாம் பதிவாகின்றன. ஒரு வருடத்துச் சான்றிதழ் "சித்தி" என்று மட்டுமே சொல்லும். ஐந்தாறை வரிசையாக வைத்தால் அந்தச் சைக்கிளின் சரித்திரமே தெரியும்.

இங்கிலாந்தில் இந்த விஷயத்தை நன்றாகப் பயன்படுத்துகிறார்கள். அங்கே மோட்டார் சைக்கிளும் மூன்று வருடம் ஆனதும் எம்.ஓ.ரி. என்னும் பரிசோதனைக்குப் போக வேண்டும். பிறகு வருடாவருடம் போக வேண்டும். பிரேக், ரயர், ஸ்டியரிங், விளக்கு எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். 2005 முதல் முடிவுகள் கணினியில் பதிவாகின்றன. இலக்கத் தகட்டின் எண்ணைக் கொடுத்தால் யாரும் பார்க்கலாம், கட்டணமில்லை. அனுபவமுள்ளவர்கள் அதில் சித்தியா இல்லையா என்பதைவிட, பரிசோதகர் எழுதிய எச்சரிக்கைக் குறிப்புகளையே முதலில் வாசிப்பார்கள். "பின் ரயர் தேய்ந்து வருகிறது" என்று ஒரு வருடம் எழுதப்பட்டு, அடுத்த வருடமும் அதே வசனம் இருந்தால் சொந்தக்காரர் எப்படிப்பட்டவர் என்று விளங்கிவிடும். நம் சான்றிதழில் அப்படியான குறிப்புகள் இல்லை. இருக்கிற எண்களை வைத்துத்தான் நாம் அதே வேலையைச் செய்ய வேண்டும்.

முதலில் மீற்றர் வாசிப்பைப் பாருங்கள். கல்முனைப் பக்கத்தில் பாண் விநியோகம் செய்யும் தம்பி ஒருவர், தான் வாங்க நினைத்த சைக்கிளின் சான்றிதழ்களை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். மீற்றரில் 34,000 கிலோமீற்றர். விற்பவர் சொன்னதும் அதுதான். கட்டைப் பிரித்து வரிசைப்படுத்தினோம். 2016இல் 13,200. 2017இல் 27,900. 2018இல் 41,500. 2019இல் 54,800. 2020இல் 61,040. 2021இலும் அதே 61,040. 2022ஆம் வருடத்துச் சான்றிதழ் இல்லை. 2023இல் 11,900.

2020இல் ஓட்டம் குறைந்ததில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. ஊரடங்கில் எல்லோருடைய சைக்கிளும் நின்றது. 2021இல் ஒரு கிலோமீற்றர்கூடக் கூடவில்லை என்றால் மீற்றர் கேபிள் அறுந்திருக்கிறது. அதற்குப் பிறகு புது மீற்றர் போட்டிருக்கிறார்கள், அது பூச்சியத்திலிருந்து தொடங்கியிருக்கிறது. ஆக 61,040ஐயும் 34,000ஐயும் கூட்டினாலே 95,000 தாண்டுகிறது. மீற்றர் வேலை செய்யாமல் ஓடியதையும் சேர்த்தால் அந்த எஞ்ஜின் ஒரு இலட்சத்தைத் தொட்டிருக்கும். மீற்றர் மாற்றுவது குற்றமல்ல. மாற்றியதைச் சொல்லாமல் 34,000 என்று விலை கேட்டதுதான் பிழை. தம்பி அந்தக் கணக்கைக் காட்டி விலையைக் குறைத்து வாங்கினார். மிச்சக் காசில் பிஸ்டன் ரிங் மாற்றினார்.

பழைய மீற்றர்கள் பலவற்றில் கிலோமீற்றருக்கு ஐந்து இலக்கம்தான் உண்டு. 99,999 ஆனதும் மறுபடி பூச்சியத்துக்கு வந்துவிடும். அப்போது ஏமாற்ற யாரும் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

2022ஆம் வருடத்தைத் தனியாகப் பாருங்கள். எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூ.ஆர். முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர்தான். லீற்றருக்கு 45 கிலோமீற்றர் என்று வைத்தாலும் கிழமைக்கு 180. இந்த முறையில் முழு வருடம் ஓடினாலும் ஒன்பதாயிரம் சொச்சம்தான் வரும். அந்தக் காலத்தில் வழமையைவிடக் கூட ஓடியதாகக் காட்டும் சைக்கிளைப் பற்றி இரண்டு கேள்வி கேட்பதில் தப்பில்லை. மாறாக, ஓடவே இல்லை என்றால் அது நல்ல செய்தி என்று எண்ணிவிட வேண்டாம். மாதக்கணக்கில் நின்ற சைக்கிளில் தாங்கிக்குள் துரு ஏறும். கார்பரேற்றருக்குள் பெற்றோல் பசையாக ஒட்டும். ஒயில் சீல்கள் இறுகிப்போகும். என்னைக் கேட்டால், வருடம் பன்னிரண்டாயிரம் வீதம் ஒழுங்காக ஓடி 80,000 காட்டும் சைக்கிளை எடுப்பேன். இடையிடையே சான்றிதழ் இல்லாமல் 30,000 காட்டுவதை எடுக்கமாட்டேன்.

அடுத்தது புகை எண்கள். இதை விளங்கிக்கொள்ளப் பெரிய படிப்புத் தேவையில்லை. காபன் மொனொக்சைட் கூடினால் எஞ்ஜினுக்குக் காற்றுக்கு ஏற்ற அளவைவிடப் பெற்றோல் அதிகமாகப் போகிறது என்று அர்த்தம். எயார் ஃபில்டர் அடைத்திருக்கும், அல்லது கார்பரேற்றர் சரியாக இருக்காது. இவை சின்னச் செலவுகள். ஹைட்ரோகாபன் கூடினால் பெற்றோல் எரியாமலே வெளியே போகிறது. பிளக் பழுதாக இருந்தாலும் அது நடக்கும். ஆனால் பிளக் புதிதாக இருந்தும் வருடாவருடம் ஏறிக்கொண்டே வந்தால் வால்வு, ரிங், சிலிண்டர் என்று யோசிக்க வேண்டும். ஒயில் எரிவதாலும் அது ஏறும். இங்கேதான் பெரிய செலவு இருக்கிறது.

பரிசோதனைக்குப் போகும் காலையில் கராஜில் ஒரு ஸ்குரூவைத் திருப்பிப் பெற்றோலைக் குறைத்து, சித்தியானதும் மறுபடி பழையபடி திருப்பிவிடும் வழக்கம் நாம் அறியாததல்ல. அதுவும் கடதாசியில் தெரியும். போன வருடம் 3.9 வீதமாக இருந்த காபன் மொனொக்சைட் இந்த வருடம் திடீரென 0.4க்கு இறங்கி, ஹைட்ரோகாபன் மட்டும் இரண்டு மூன்று மடங்காக ஏறியிருந்தால், எஞ்ஜினைத் திருத்தவில்லை, பெற்றோலைத்தான் அளவு மீறிக் குறைத்திருக்கிறார்கள். உண்மையாகத் திருத்தப்பட்ட எஞ்ஜினில் இரண்டு எண்களும் சேர்ந்தே இறங்கும். இன்ஜெக்ஷன் சைக்கிள்களில் இந்த ஸ்குரூ வித்தை சுலபமல்ல. அவற்றில் எண்கள் ஏறியிருந்தால் சென்சர், இன்ஜெக்டர் பக்கம் பார்க்கச் சொல்லுங்கள்.

இவ்வளவும் எஞ்ஜினைப் பற்றியதுதான். பிரேக் பிடிக்குமா என்று புகைச் சான்றிதழ் ஒருபோதும் சொல்லாது. உயிர் போவது அநேகமாக அந்தப் பக்கத்தில்தான். ஆகவே இங்கிலாந்துப் பரிசோதகர் பார்ப்பதை நாமே கையால் பார்க்க வேண்டும். முன் சில்லைத் தூக்கி ஹேண்டிலை மெதுவாக இரு பக்கமும் திருப்புங்கள். நடுவில் பள்ளத்தில் விழுந்ததுபோல் பிடித்தால் ஸ்டியரிங் போல் ரேஸ் போயிருக்கிறது. முன் ஃபோர்க்கில் ஒயில் கசிவைத் தேடுங்கள். பின் சில்லைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். ஆடினால் பெயாரிங் அல்லது ஸ்விங் ஆம் புஷ். செயினைப் பின் ஸ்ப்ரொக்கட்டிலிருந்து பின்னுக்கு இழுத்துப் பாருங்கள், பல் பாதி வெளியே தெரிந்தால் இரண்டையும் மாற்ற வேண்டும். மூடை கட்டி ஓடிய சைக்கிளில் இந்தப் பாகங்கள்தான் முதலில் தேயும்.

விற்கிறவர்களும் நம்மவர்கள்தான் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். பொருளின் குறையை மறைத்து விற்பது மார்க்கத்தில் தடுக்கப்பட்டது. விற்குமுன்பே இருந்த குறை பின்னர் தெரியவந்தால் வாங்கியவருக்குத் திருப்பிக் கொடுக்கும் உரிமை உண்டு. பிக்ஹில் இதைக் கியாருல் ஐப் என்பார்கள். ஆனால் குறை முன்பே இருந்ததா, வாங்கிய பிறகு வந்ததா என்பதில்தான் சண்டை வருகிறது. விற்பனைக் கடிதத்தில் அன்றைய மீற்றர் வாசிப்பையும், மீற்றர் மாற்றப்பட்டதா என்பதையும், தெரிந்த குறைகளையும் எழுதி இருவரும் கையொப்பம் வைத்தால் அந்தச் சண்டையில் பாதி வராது. நேர்மையான விற்பனையாளருக்கும் அதுதான் பாதுகாப்பு.

பழைய சான்றிதழ்களைக் கேட்டால் "எங்கேயோ கிடக்கும்" என்பது வழமையான பதில். நம் ஆட்கள் காப்புறுதி, அனுமதிப்பத்திரம், புகைச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரே பொலித்தீன் உறையில் போட்டு சீற்றுக்குக் கீழே வைப்பவர்கள். ஒரு கிழமை தேட அவகாசம் கொடுங்கள். கிடைத்ததும் செஸி இலக்கத்தைச் சைக்கிளில் உள்ளதோடும் பதிவுப் புத்தகத்தோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். பதிவுப் புத்தகத்தில் லீசிங் நிறுவனத்தின் பெயர் முழு உரிமையாளராக இருந்தால், அது நீக்கப்படும்வரை ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். "ஓப்பன் பேப்பரில்" நாலைந்து கை மாறி வந்த சைக்கிளானால், புத்தகத்தில் பெயருள்ளவரை நேரில் கண்டு பேசிய பிறகே விலை பேசுங்கள். சான்றிதழ்க் கட்டும் அநேகமாக அவரிடம்தான் இருக்கும்.