தூண்டில் முள் தைத்தால் இழுக்கலாமா?

கோடைகால விடுமுறை நாளொன்றில் ஸ்காபரோவின் புளஃபர்ஸ் பூங்காவுக்கோ, ரூஜ் ஆற்றின் முகத்துவாரத்துக்கோ, வடக்கே சிம்கோ ஏரிக்கரைக்கோ செல்வோர் எம்மவர் குடும்பங்களைக் காணாது திரும்புவது அரிது. கடலையும் களப்பையும் கண்டு வளர்ந்தவர்களுக்கு இந்நன்னீர் ஏரிகள் ஓர் ஆறுதல். பெரியவர்கள் தூண்டிற் கோலுடன் நிற்பர். பிள்ளைகள் அவர்களைச் சுற்றி ஓடித் திரிவர். அவ்வேளை வீசிய தூண்டில் மீனைப் பிடியாது விரலையோ, காதையோ, தலையையோ பிடித்துவிடுவதுண்டு. உடனே ஒருவர் “இழு” என்பார். மற்றவர் “இழுக்காதே” என்பார். இன்னொருவர் வைத்தியசாலைச் செலவை எண்ணித் தயங்குவார். இக்குழப்பத்தைத் தவிர்க்கும் பொருட்டுச் சில செய்திகளை வாசகர் முன் வைக்க விரும்புகின்றோம்.

இழுத்தால் ஏன் வராது?

தூண்டில் முள்ளின் நுனிக்குச் சற்றுக் கீழே, பின்னோக்கிச் சாய்ந்த சிறு கூர் ஒன்று உண்டு. இதனை எதிர்முள் என்போம். உட்செல்லும்போது வழிவிடும் இது, வெளியே இழுக்கும்போது தசையிற் கொளுவிக்கொள்ளும். பிடித்த மீன் தப்பாதிருக்கச் செய்யப்பட்ட இவ்வமைப்பே எமது விரலையும் விடாது பற்றுகின்றது. வலுக்கொண்டு இழுத்தால் தசை கிழியும். எனவே எதிர்முள் உள்ளே சென்றுள்ளதா என்று பார்ப்பதே முதல் வேலை. நுனி மட்டும் மேலாகத் தைத்து, எதிர்முள் வெளியே தெரிந்தால், வந்த வழியே மெதுவாக எடுத்துவிடலாம்.

தொடக்கூடாத இடங்கள்

முதலில் தங்கூசி நூலை வெட்டிவிடுங்கள். தொங்கும் கோலின் பாரம் காயத்தை மோசமாக்கும். செயற்கை இரைகளில் மூன்று முட்கள் சேர்ந்திருக்கும். தைக்காத ஏனைய முட்களைக் குறட்டினால் வெட்டுங்கள் அல்லது ஒட்டுநாடாவினால் சுற்றுங்கள். இல்லையேல் உதவ வந்தவரின் கையிலும் முள் ஏறும்.

கண்ணிலோ இமையிலோ தைத்த முள்ளை எவரும் தொடலாகாது. கண்ணை அழுத்தாதவாறு காகிதக் குவளையொன்றைக் கவிழ்த்து மூடி, 911 இலக்கத்தை அழையுங்கள். முகம், கழுத்து, மூட்டு, விரல் நரம்புகளின் அருகே ஆழமாகத் தைத்தவை, எலும்பைத் தொட்டவை, விரல் மரத்துப்போனவை, அசைக்க முடியாதவை ஆகியனவும் வைத்தியரிடமே செல்ல வேண்டியவை. நீரிழிவு நோயாளரும் சிறு குழந்தைகளும் அவ்வாறே.

நூல்கொண்டு எடுக்கும் முறை

1961ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய மருத்துவச் சஞ்சிகையொன்றில் விவரிக்கப்பட்ட எளிய முறையொன்று இன்றும் கையாளப்படுகின்றது. கை, கால் போன்ற உறுதியான இடத்தில் தைத்த சிறிய முள்ளுக்கு மட்டுமே இது பொருந்தும். காதுமடல் போன்ற தளர்ந்த பகுதிக்குப் பொருந்தாது.

தைத்த பகுதியை மேசை போன்றதொரு சமதளத்தில் அசையாது வையுங்கள். முள்ளின் வளைவில் உறுதியான நூலொன்றை மாட்டி, அதன் நுனிகளைக் கையிற் சுற்றிக்கொள்ளுங்கள். தங்கூசி கட்டும் துளையுள்ள முனையை மறுகை விரலினால் தோலோடு படியும்படி அழுத்துங்கள். இவ்வழுத்தமே எதிர்முள்ளைத் தசையிலிருந்து விடுவிக்கின்றது. பின்னர் அத்துளைக்கு எதிர்த்திசையில், முள்ளின் தண்டுக்குச் சமாந்தரமாக, ஒரே வீச்சில் விரைந்து இழுக்க வேண்டும். மெல்ல இழுத்தாற் பயனில்லை. முள் பறந்து செல்லுமாதலால் அத்திசையில் எவரும் நிற்கலாகாது. ஒருமுறை முயன்றும் வராவிடின் நிறுத்திக்கொள்ளுங்கள். கைநடுங்குவோரும் பழகாதோரும் முயலாதிருப்பதே நன்று. முள்ளை முன்னோக்கித் தள்ளி எதிர்முள்ளை வெட்டும் முறையை, விறைப்பு ஊசி போடும் வைத்தியரிடமே விட்டுவிடுங்கள்.

ஏற்புவலியை மறவாதீர்

முள் வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையான ஆபத்து அதன் பின்னரே தொடங்கலாம். காயத்தைச் சவர்க்காரமும் சுத்தமான நீரும் கொண்டு சில நிமிடங்கள் நன்கு கழுவி, துப்புரவான துணியினால் மூடுங்கள். மண்ணிலும் சேற்றிலும் வாழும் ஏற்புவலிக் கிருமி சிறு துளை வழியாகவும் உட்புகும்.

கனடாவில் வளர்ந்தோர்க்கு ஏற்புவலித் தடையூசி 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை போடப்படுகின்றது. அழுக்கான காயமாயின், கடைசி ஊசிக்குப் பின் 5 ஆண்டுகள் கடந்திருந்தால் மீண்டும் போடுவர். ஆனால் எம்மவரிற் பலர் வீடு வாசலோடு தடுப்பூசி அட்டைகளையும் இழந்து வந்தவர்கள். எப்போது போட்டோம், எத்தனை முறை போட்டோம் என்பது தெரியாதோர் எம்மிடையே ஏராளம். அத்தகையோர் அதனை வெட்கப்படாது வைத்தியரிடம் கூறவேண்டும். மூன்று ஊசிகளும் போட்டதற்குச் சான்றில்லாதவருக்கு அழுக்கான காயமேற்பட்டால், தடையூசியுடன் உடனடிப் பாதுகாப்புத் தரும் இன்னோர் ஊசியும் தேவைப்படும். அட்டை காணாமற் போனது குற்றமன்று. அதை மறைப்பதே தீங்கு.

காயம் சிவந்து வீங்கினாலோ, சூடேறினாலோ, சீழ் கட்டினாலோ, செங்கோடு மேலேறினாலோ, காய்ச்சல் கண்டாலோ தாமதியாது வைத்தியரைக் காணுங்கள். சில வாரங்கள் கழித்துத் தோன்றும் ஆறாத கட்டியையும் அலட்சியம் செய்யாதீர்கள். நீரிலும் மீனிலும் வாழும் கிருமிகள் சில உண்டாதலால், தூண்டில் முள் தைத்த காயம் என்பதை மறவாது சொல்லுங்கள்.

தயக்கம் ஏன்?

வதிவிட உரிமை கிடைக்காத நிலையில் வைத்தியசாலைக்குச் செல்ல அஞ்சுவோர் உளர். அகதிக் கோரிக்கையாளரின் வைத்தியர், வைத்தியசாலைச் சேவைகளுக்கு மத்திய அரசின் இடைக்காலச் சுகாதாரத் திட்டம் பொறுப்பேற்கின்றது. அதற்குரிய பத்திரத்தை உடன் எடுத்துச் செல்லுங்கள். அவசரமில்லாத ஐயங்களுக்கு, ஒன்ராறியோவில் 811 இலக்கத்தில் எந்நேரமும் தாதியரிடம் இலவசமாக ஆலோசனை பெறலாம்.

வருமுன் காப்போம்

வீசுமுன் பின்னே திரும்பிப் பாருங்கள். பிள்ளைகளை எட்ட நிறுத்துங்கள். கண்ணாடியும் தொப்பியும் அணியுங்கள். மீனின் வாயிலிருந்து முள்ளைக் கையாலன்றிக் குறட்டினால் எடுங்கள். பாறையிற் சிக்கிய தூண்டிலை முகத்துக்கு நேரே வெட்டி இழுக்காதீர்கள். ஈயக்குண்டும் முள்ளும் திரும்பிப் பாயும். எதிர்முள்ளைக் குறட்டினால் நசுக்கிவிட்டால் பாதி ஆபத்து நீங்கும். பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஆறுகளில் எதிர்முள் அற்ற தூண்டில்களையே பாவிக்க வேண்டுமென்பது விதி. அங்குள்ளோர் மீன் பிடியாமலா இருக்கின்றனர்?

அடுத்த பயணத்துக்குச் சோற்றுப் பார்சலோடு குறடு, நூல், சவர்க்காரம், துப்புரவான துணி ஆகியவற்றையும் எடுத்துவையுங்கள். அதற்கு முன், குடும்ப வைத்தியரைக் காணும்போது எமது வீட்டில் எவரெவருக்குத் தடையூசி போடவேண்டுமென்று கேட்டு, அதனைப் புதியதோர் அட்டையிற் பதிந்து பெற்றுக்கொள்ளுங்கள்.