விலைச் சீட்டில் இல்லாத விலை

நாம் தொலைக்காட்சியைப் பார்க்கிறோம். தொலைக்காட்சி நம்மைக் கவனிக்குமா? கேமரா இல்லாத பெட்டியாலும் அது முடியும்! எப்படி என்று பார்ப்போமா?

திரையில் தெரியும் படம் பல லட்சம் புள்ளிகளால் ஆனது. அவற்றுள் சில இடங்களில் உள்ள புள்ளிகளின் நிறத்தை மட்டும் நொடிக்கு நொடி குறித்துக்கொண்டால், எண்களின் வரிசை ஒன்று கிடைக்கும். மனிதருக்குக் கைரேகை போல, ஒவ்வொரு காட்சிக்கும் இவ்வரிசை தனித்தன்மை உடையது. பெட்டி இதை இணையத்தின் வழியே நிறுவனத்தின் கணிப்பொறிக்கு அனுப்புகிறது. அங்கே ஏராளமான திரைப்படங்கள், நிகழ்ச்சிகள், விளம்பரங்களின் ‘ரேகைகள்’ சேமிக்கப்பட்டுள்ளன. இரண்டையும் ஒப்பிட்டால், இந்த வீட்டில் இந்த நொடியில் என்ன ஓடுகிறது என்பது தெரிந்துவிடும். கேபிளில் பார்த்தாலும் டிவிடியில் பார்த்தாலும் தப்ப முடியாது.

அமெரிக்காவின் விஸியோ நிறுவனம் 2014 முதல் 1 கோடியே 10 லட்சம் பெட்டிகளில் இவ்வாறு சம்மதமின்றி விவரம் திரட்டி விற்றது என்று அந்நாட்டு ஃபெடரல் வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டியது. 2017-ல் 22 லட்சம் டாலர் செலுத்தி நிறுவனம் வழக்கை முடித்துக்கொண்டது. இனி வெளிப்படையாகச் சம்மதம் பெற வேண்டும் என்றும் உத்தரவாயிற்று.

ஏன் இந்த வேலை? கடையில் நாம் மலிவான பெட்டியையே தேடுகிறோம். போட்டியில் லாபம் சுருங்குகிறது. ஆகவே விலையில் விட்டதை விளம்பரத்தில் பிடிக்கிறார்கள். 2021-ன் மூன்றாம் காலாண்டில் விஸியோவுக்குப் பெட்டி விற்பனையில் கிடைத்ததைப் போல் இரு மடங்குக்கும் மேலான மொத்த லாபம், விளம்பரம் முதலியவற்றில் கிடைத்தது.

அப்படியானால் மக்களுக்கு அந்தரங்கம் முக்கியமில்லையா? 2013-ல் வெளியான ஓர் ஆய்வைப் பாருங்கள். இது பிட்ஸ்பர்க் நகரின் கடை வளாகம் ஒன்றில் நடந்தது. சிலருக்கு 10 டாலர் பரிசு அட்டை தரப்பட்டது. அதைக் கொண்டு வாங்குவது யார் என்று தெரியாது. வேறு சிலருக்கு 12 டாலர் அட்டை. வாங்குவதெல்லாம் அவர்கள் பெயரில் பதிவாகும். பிறகு இரு சாராரிடமும், “மற்ற அட்டைக்கு மாற்றிக்கொள்கிறீர்களா?” என்று கேட்டார்கள்.

முதல் சாராரில் சுமார் 52 சதவீதத்தினர் 10 டாலர் அட்டையையே வைத்துக்கொண்டனர். இரண்டாம் சாராரில் 10 டாலர் அட்டைக்கு மாறியவர்கள் சுமார் 10 சதவீதத்தினரே!

அட்டைகள் அவையே, வித்தியாசமும் அதே 2 டாலர்தான். கையில் உள்ள அந்தரங்கத்தை விற்கப் பலருக்கு மனமில்லை. கையில் இல்லாததைக் காசு கொடுத்து வாங்கவோ இன்னும் பலருக்கு மனமில்லை. எறிந்த பந்து எங்கே விழும் என்பதை அதன் ஆரம்ப நிலை தீர்மானிப்பதாக இயற்பியலில் படித்திருப்பீர்கள். இங்கும் அப்படித்தான். கண்காணிப்பு முதலிலேயே இயங்கும்படி பெட்டி வந்தால், பெரும்பாலோர் அதை அப்படியே விட்டுவிடுவார்கள்.

உங்கள் வீட்டில் இணையத்துடன் இணைந்த தொலைக்காட்சி இருக்கிறதா? பெரியவர்களுடன் சேர்ந்து அதன் ‘செட்டிங்ஸ்’ பகுதியைத் திறந்து, இவ்வசதி எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். அதை நிறுத்தி வைக்கத் தனிக் கட்டணம் உண்டா என்பதையும் கவனியுங்கள்.